மிளகாய் முடக்கு வைரஸ்: வலையா, ரகமா, நிலப்போர்வையா, மருந்தா? எதில் காசைப் போடுவது

நடவு முடிந்து இருபது, இருபத்தைந்து நாளில் மிளகாய்க் கொழுந்து சுருங்கி, இலை சிறுத்து, கணு நெருங்கிக் கொத்தாக நின்றுவிட்டால் நாம் முதலில் போய் நிற்பது மருந்துக் கடையில்தான். இரண்டு பாட்டிலும் ஒரு பொட்டலமும் வாங்கி வந்து ஒரே டேங்கில் கலக்கி அடிக்கிறோம், அடுத்த வாரம் பார்த்தால் இன்னும் பத்துச் செடி சேர்ந்து சுருண்டிருக்கிறது, மறுபடி கடை. இப்படி அலைந்து ஒரு ஏக்கருக்குச் செலவழிக்கிற பணத்தில் ஒரு பங்கை நாற்றங்காலில் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இதைத்தான் நான் வாதாடப் போகிறேன், ஆனால் எல்லா நிலத்துக்கும் ஒரே பதில் இல்லை என்பதால் ஒவ்வொரு வழியையும் எடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விஷயம். வைரஸ் ஏறிய செடியைத் தேற்றும் மருந்து கிடையாது. 'வைரஸ் மருந்து' என்று கடையில் கொடுப்பது ஒன்று பூச்சியைக் கொல்லும், இல்லாவிட்டால் நுண்ணூட்டம் கொடுத்துச் செடியைச் சில நாள் பச்சையாகக் காட்டும். செடிக்குள் போய் வைரஸை அழிக்காது. அதனால் நம் கையில் இருப்பதெல்லாம் பூச்சி செடிக்கு வருமுன் தடுப்பது, வந்த பிறகு அடுத்த செடிக்குப் போகாமல் பார்ப்பது, இவ்வளவுதான்.

சுருண்டதெல்லாம் வைரஸ் இல்லை

காசு போடுமுன் வயலுக்குள் இறங்கி இலையைத் திருப்பிப் பாருங்கள். இலை விளிம்பு மேல்நோக்கிப் படகு மாதிரி வளைந்து, அடிப்பக்கம் வெள்ளி பூசியது போலப் பளபளத்தால் இலைப்பேன் உறிஞ்சியிருக்கிறது. விளிம்பு கீழ்நோக்கி வளைந்து, இலைக்காம்பு நீண்டு, இலை கொஞ்சம் தடித்து எலிவால் போல ஒடுங்கினால் அது முரணைச் சிலந்தி, மஞ்சள் சிலந்தி என்றும் சொல்வார்கள். கண்ணுக்கு லேசில் தெரியாது, கையில் லென்ஸ் இருந்தால் கொழுந்தின் அடியில் ஓடுவதைப் பார்க்கலாம். இந்த இரண்டும் வைரஸ் இல்லை. பூச்சியையும் சிலந்தியையும் கட்டுப்படுத்திவிட்டால் அடுத்து வரும் கொழுந்து நேராக வரும்.

வைரஸ் சுருட்டையில் புதுக் கொழுந்தும் சுருண்டேதான் வரும். இலை மேல்நோக்கிச் சுருளும், நரம்பு புடைத்துத் தடிக்கும், நரம்புக்கு இடைப்பட்ட பகுதி உப்பிக்கொண்டு மேடு பள்ளமாக இருக்கும், கணு இடைவெளி குறைந்து செடி குட்டையாகிப் புதர் மாதிரி ஆகிவிடும். பூ வந்தாலும் நிற்காது, நின்றாலும் காய் கோணல். கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாக இருந்தால் அது மொசைக் வகை, வேறு வைரஸ், வேறு பூச்சி. இந்த வித்தியாசம் தெரியாமல் சிலந்திக்கு வெள்ளை ஈ மருந்தும், வைரஸுக்குச் சிலந்தி மருந்தும் அடித்தால் வரும் நஷ்டம் சாதாரணமானது இல்லை. ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கடைப் பயணத்தில் பாதி இந்தக் குழப்பத்தால் வருவதுதான்.

யார் சுமந்து வருகிறார்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வழி பலிக்கும், எது பலிக்காது என்பது முழுக்க இதைப் பொறுத்தது.

மொசைக் வைரஸ்களை அசுவினி பரப்புகிறது. வெள்ளரி மொசைக் வைரஸ், மிளகாய் நரம்புத் தேமல் வைரஸ் எல்லாம் இந்தக் கூட்டம். அசுவினி ஒரு செடியில் வந்து உட்கார்ந்ததும் இது நமக்குப் பிடித்த செடியா என்று பார்க்க ஊசி வாயைச் சில நொடி குத்தி எடுக்கும். அந்தச் சில நொடியிலேயே வாய் நுனியில் வைரஸ் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த செடியில் குத்தியதும் இறங்கிவிடுகிறது. ஒருவருக்குப் போட்ட ஊசியைக் கழுவாமல் அடுத்தவருக்குப் போடுவது போலத்தான். இங்கே எவ்வளவு விலை உயர்ந்த பூச்சி மருந்தும் தோற்றுப்போகும், ஏனென்றால் மருந்து அசுவினியைக் கொல்ல ஆகும் நேரத்துக்குள் அது வேலையை முடித்துவிடும். சில மருந்துகள் அசுவினியைக் கலவரப்படுத்தி இன்னும் பல செடிகளில் குத்தவைத்து நிலைமையை மோசமாக்கும். ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வாய் நுனியில்தானே ஒட்டியிருக்கிறது, இடையில் வைரஸ் ஏறாத வேறு செடியில் இரண்டு மூன்று முறை குத்திவிட்டால் போய்விடும், சும்மா விட்டாலும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

நம்மூரில் மிளகாயை அதிகம் அழிக்கும் இலைச்சுருட்டை வைரஸை வெள்ளை ஈ பரப்புகிறது. இது வேறு கதை. வெள்ளை ஈ இலையின் சாற்றுக்குழாய் வரை ஊசியை இறக்கிப் பத்து பதினைந்து நிமிடமாவது உறிஞ்சினால்தான் வைரஸ் அதற்குள் போகும், நேரம் கூடக்கூட வாய்ப்பும் கூடும். போன வைரஸ் அதன் குடலைத் தாண்டி, இரத்தத்தில் சுற்றி, உமிழ்நீருக்கு வரச் சில மணி நேரம் ஆகும். அதன் பிறகு அந்த ஈ சாகும்வரை ஆபத்துதான். இவ்வளவு நேரம் எடுப்பதால் மருந்துக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. உங்கள் வயலுக்குள் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் பரவுவதை மருந்து குறைக்கும். ஆனால் பக்கத்துக் கத்தரிக்காட்டிலிருந்தோ, பருத்தியிலிருந்தோ, வரப்பில் நிற்கும் துத்திச் செடியிலிருந்தோ ஏற்கனவே வைரஸைச் சுமந்து பறந்து வரும் ஈ உங்கள் செடியில் உட்கார்ந்து குத்துவதை எந்தத் தெளிப்பும் முழுதாகத் தடுக்காது.

இலைப்பேன் பரப்புவது மொட்டுக் கருகல் வகை வைரஸ்கள். குஞ்சாக இருக்கும்போது உறிஞ்சினால் மட்டும்தான் அதற்குள் வைரஸ் தங்கும், வளர்ந்த பேன் அதைக் கடைசிவரை பரப்பும். அதாவது உங்கள் வயலிலேயே நோய்ச்செடியில் பொரித்து வளர்ந்த பேன்தான் அடுத்த தலைமுறை ஆபத்து. இலைப்பேன் கூட்டுப்புழுவாக மண்ணில் இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், பாத்தியை மூடும் ஷீட்டான நிலப்போர்வை பற்றிப் பேசும்போது இது வரும்.

இன்னும் ஒரு சங்கதி. வைரஸ் ஏறிய நாளுக்கும் கொழுந்து சுருளும் நாளுக்கும் இடையில் இரண்டு மூன்று வாரம் போகும். நட்டு பதினைந்தாம் நாள் சுருண்ட செடிக்கு நோய் வந்தது உங்கள் வயலில் இல்லை, நாற்றங்காலில். அதற்காக நடவு வயலில் எத்தனை முறை அடித்தாலும் என்ன பயன்?

வலைக்குள் வளர்த்த நாற்று

எனக்கு இதுதான் முதலிடம். கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தெரியும். ஒரு ஏக்கருக்குச் சுமார் 12,000 நாற்று என்று வைத்துக்கொள்வோம். 98 குழி உள்ள தட்டு 125 இருந்தால் போதும். ஒரு தட்டு அரை மீட்டருக்குச் சற்று கூடுதலான நீளம், கால் மீட்டருக்குச் சற்று கூடுதலான அகலம், மொத்தத்தையும் நெருக்கி அடுக்கினால் அரை சென்ட் இடம்கூட ஆகாது. நடக்க வழி விட்டாலும் ஒரு சென்ட். நடவுக்குப் பிறகு நூறு சென்ட் இடத்தைக் காவல் காக்கிறோம், அதற்கு முன் 35 முதல் 40 நாள் ஒரே ஒரு சென்ட்டைக் காத்தால் போதும். அதுவும் செடி மிகச் சிறியதாக, நோய் வந்தால் காயே தராமல் போகும் பருவத்தில். மிளகாயில் எவ்வளவு சின்ன வயதில் வைரஸ் ஏறுகிறதோ அவ்வளவு பெரிய நஷ்டம், பூத்துக் காய்த்த பிறகு ஏறினால் அந்த அளவுக்கு அடி விழாது.

வலை விஷயத்தில் பலர் ஏமாறுவது நிழல்வலையில். பச்சை நிழல்வலை வெயிலைத் தடுக்கும், பூச்சியைத் தடுக்காது, வெள்ளை ஈ அதற்குள் சாதாரணமாகப் போய் வரும். வேண்டியது வெள்ளை நிறப் பூச்சி வலை, குறைந்தது 40 மெஷ், முடிந்தால் 50 மெஷ். மெஷ் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை துளை என்பது, எண் கூடினால் துளை சிறுக்கும். வெள்ளை ஈயைத் தடுக்க 50 மெஷ் நம்பகமானது, இலைப்பேன் அதையும் தாண்டிப் புகும், அதற்கென்று இன்னும் நெருக்கமான வலை போட்டால் காற்றோட்டம் குறைந்து நாற்றழுகல் வரும். அதனால் நாற்றங்காலுக்கு 50 மெஷ்ஷோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வலையைவிடக் கதவுதான் முக்கியம். ஒற்றைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் வலை இருந்தும் இல்லாத மாதிரி. இரண்டு கதவு, நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம், ஒன்றைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறப்பது. கீழ் விளிம்பு மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். உள்ளே இரண்டு மஞ்சள் அட்டை தொங்கினால் பூச்சி புகுந்ததா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

சொந்தமாக நாற்று விடாமல் பண்ணையில் வாங்குகிறவர்கள் இப்போது அதிகம். ஒருமுறை நாற்று எடுக்கப் போன இடத்தில் "அண்ணே, இந்த வலை எத்தனை மெஷ்?" என்று கேட்டதற்கு "அது நிழலுக்குப் போட்டது தம்பி, நாத்து எப்படிக் கருகருன்னு இருக்கு பாருங்க" என்று பதில் வந்தது. நாற்று உண்மையிலேயே கருகருவென்று அழகாக இருந்தது. வைரஸ் ஏறி ஒரு வாரம் ஆன நாற்றும் அப்படித்தான் இருக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வலை என்ன, கதவு எப்படி, பக்கத்தில் பழைய மிளகாய், தக்காளி, கத்தரி நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு நாற்றுக்குச் சில காசு கூடக் கேட்டாலும் ஒழுங்காக வலைக்குள் வளர்க்கிறவரிடம் வாங்குவது லாபம்தான்.

எதிர்ப்பு ரகம்

காகிதத்தில் பார்த்தால் இதுவே மிகச் சிறந்த வழி. விதை விலை தவிர வேறு செலவில்லை, மருந்துச் செலவு குறையும். பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்க்கா மேக்னா போன்ற வைரஸைத் தாங்கும் வீரிய ஒட்டுகளை வெகுநாள் முன்பே கொடுத்தது, பிறகு இலைச்சுருட்டை வைரஸை எதிர்க்கும் அர்க்கா தேஜஸ்வி, அர்க்கா யஷஸ்வி, அர்க்கா தன்வி போன்றவற்றையும் வெளியிட்டது. தனியார் கம்பெனிகளும் சுருட்டை தாங்கும் என்று பல ஒட்டுகளை விற்கின்றன.

இதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, 'எதிர்க்கும்' என்பதும் 'தாங்கும்' என்பதும் ஒன்றில்லை. தாங்கும் ரகத்தில் வைரஸ் ஏறும், செடி ஓரளவு காய்க்கும், ஆனால் அந்தச் செடியிலிருந்து வெள்ளை ஈ வைரஸை எடுத்துப் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகும். இரண்டாவது, இலைச்சுருட்டையைத் தாங்கும் ரகம் மொசைக்கையோ மொட்டுக் கருகலையோ தாங்கும் என்று இல்லை. எதிர்ப்பு நிரந்தரமும் இல்லை. ஐரோப்பாவில் தக்காளிப் புள்ளி வாடல் வைரஸை எதிர்க்கும் ஒற்றை மரபணுவை நம்பிக் குடைமிளகாய் ரகங்களைப் பரவலாகப் போட்டார்கள், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அந்த மரபணுவை மீறும் வைரஸ் வகைகள் கிளம்பிவிட்டன. எதிர்ப்பு ரகம் போட்டுவிட்டோம், இனி வலையும் வேண்டாம், களையும் எடுக்க வேண்டாம் என்று இருந்தால் அந்த ரகத்தின் ஆயுளை நாமே குறைக்கிறோம்.

அப்புறம் சந்தை. பச்சை மிளகாய் விற்கிறவருக்கு ரகம் மாற்றுவது சுலபம், நீளமும் காரமும் வியாபாரிக்குப் பிடித்தால் போதும். வத்தலுக்குப் போடுகிறவருக்கு நிறம், தோல் தடிமன், காம்பு எல்லாம் விலையைத் தீர்மானிக்கும். புது ஒட்டை முதல் பட்டத்தில் கால் ஏக்கர் போட்டு, பழுத்துக் காயவைத்து வியாபாரியிடம் காட்டிவிட்டு அடுத்த பட்டத்தில் முழுதாக இறங்குவதே புத்திசாலித்தனம்.

வெள்ளி நிலப்போர்வையும் ஓரப்பயிரும்

சொட்டுநீர் இருக்கிறவர்களுக்கு வெள்ளி மேலாகவும் கறுப்பு கீழாகவும் உள்ள மல்ச்சிங் ஷீட் நல்ல தேர்வு. வெள்ளிப் பக்கம் வானத்து ஒளியைத் திருப்பி அடிப்பதால் பறந்து வரும் அசுவினியும் வெள்ளை ஈயும் இலைப்பேனும் இறங்க இடம் தெரியாமல் தடுமாறும். செடி வளர்ந்து பாத்தியை மூடிவிட்டால் இந்தப் பலன் போய்விடும், ஆனால் அதற்குள் ஆபத்தான முதல் ஒன்றரை மாதம் கடந்திருக்கும். களைச்செலவு மிச்சம், தண்ணீர் மிச்சம், மண்ணுக்குள் இறங்கும் இலைப்பேன் கூட்டுப்புழுவுக்கும் இடைஞ்சல். பூச்சியை விரட்டும் வேலையை மட்டும் பார்த்தால் செலவு கூடுதல் என்று தோன்றும், களை எடுக்கும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறும். தோட்டக்கலைத் துறையில் நிலப்போர்வைக்கு மானியம் கிடைக்கிறது, நடவுக்கு முன்பே போய்ப் பதிந்து வைத்தால்தான் நேரத்துக்கு வரும். பயிர் முடிந்ததும் ஷீட்டைக் கிழியாமல் உருவி எடுக்க வேண்டும், உழுதுவிட்டால் அந்தத் துண்டுகள் மண்ணில் கிடந்து அடுத்த பயிரின் வேரை முடக்கும். இதைத் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள்.

நிலப்போர்வை வாங்க முடியாதவருக்கு ஓரப்பயிர். மிளகாய் நடுவதற்குப் பதினைந்து இருபது நாள் முன்பே வயலைச் சுற்றி நெருக்கமாக இரண்டு வரிசை மக்காச்சோளம், சோளம் அல்லது கம்பு. அசுவினிக்கு இது அருமையாக வேலை செய்யும், வெளியிலிருந்து வரும் அசுவினி முதலில் சோளத்தில் இறங்கிக் குத்திப் பார்க்கும், வாய் நுனியில் இருந்த வைரஸ் அங்கேயே தீர்ந்துவிடும், சோளத்துக்கு அந்த வைரஸ் ஒன்றும் செய்யாது. வெள்ளை ஈக்கு அந்த அளவு பலன் இல்லை, தாழப் பறப்பவற்றை மட்டும் கொஞ்சம் தடுக்கும். செலவு கிட்டத்தட்ட இல்லை என்பதால் நான் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2018இலிருந்து மக்காச்சோளத்தில் படைப்புழு ஆட்டம் போடுவதால் பல இடங்களில் சோளமோ கம்போ நல்லது. மாடு வைத்திருப்பவர் கோ எஃப்எஸ் 29 மாதிரி மறுதாம்புத் தீவனச் சோளம் போடலாம், ஆனால் பசித்த மாட்டைப் பார்த்துச் ஓரப்பயிர் முழுவதையும் ஒரே நாளில் அறுத்துவிடக் கூடாது, ஒரு வரிசை எப்போதும் நிற்க வேண்டும். மக்காச்சோளப் பூந்தாதுக்கு வரும் சிறு நாவாய்ப்பூச்சிகள் இலைப்பேனைத் தின்னும், பொறிவண்டும் வரும், இது கூடுதல் லாபம்.

கிராப் கவர் என்று மெல்லிய வெள்ளைத் துணியை வளைவுக் கம்பியில் போர்த்தும் முறையும் பரவி வருகிறது. நட்ட அன்றே மூடி 25, 30 நாள் வைத்தால் வெள்ளை ஈ தொடவே முடியாது. மாசி பங்குனி வெயிலில் உள்ளே வெப்பம் ஏறிச் செடி வதங்கும், கையாளக் கூலியும் ஆகும். விலை நன்றாகக் கிடைக்கும் பட்டத்தில், ஒரு ஏக்கருக்கு உள்ளே போடுகிறவருக்குச் சரி. மற்றவர்களுக்கு வேண்டாம்.

மருந்து

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. வெள்ளை ஈ விஷயத்தில் நடவுக்கு முந்தின நாள் நாற்றுத் தட்டில் ஊற்றுவது, வேர் நனைப்பது போன்று கொடுக்கும், செடிக்குள் ஊடுருவும் மருந்து முதல் இரண்டு மூன்று வாரத்துக்குச் செடியைக் காக்கும், ஒரு ஏக்கர் முழுக்கத் தெளிப்பதைவிட மிகக் குறைந்த மருந்தில் முடியும். மிளகாய்க்கு எதைப் பரிந்துரைத்திருக்கிறார்கள், எவ்வளவு அளவு, பறிப்புக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதை லேபிளில் பார்த்தே செய்யுங்கள்.

தெளிப்பில் நடக்கும் பெரிய தவறு செயற்கைப் பைரித்திராய்டு வகைப் பூச்சி மருந்தை அடிப்பது. அடித்ததும் பூச்சி பொலபொலவென்று விழும், மனதுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் வெள்ளை ஈயைத் தின்னும் நன்மைப் பூச்சிகள் எல்லாம் செத்துப்போய் மூன்று வாரத்தில் வெள்ளை ஈ முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். மூன்று வாரம் ஏனென்றால் நம்மூர் வெப்பத்தில் அதன் முட்டை வளர்ந்து ஈயாவதற்கு அவ்வளவு நாள்தான். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது அடுத்த தவறு. பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஒரே குடும்பமாக இருக்கலாம். இமிடாகுளோபிரிட், தயமீதாக்சம், அசிடாமிபிரிட் மூன்றும் ஒரே கூட்டம், இவற்றை மாற்றி மாற்றி அடிப்பது மாற்றி அடித்ததே இல்லை. பூ வந்த பிறகு தேனீ வரும் நேரத்தில் அடிப்பதையும் தவிருங்கள்.

இலையின் மேல்புறத்தில் மருந்து வழிவதில் ஒரு பயனும் இல்லை. வெள்ளை ஈயின் குஞ்சு அடிப்புறத்தில் செதில் மாதிரி ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். குழாய் முனையைக் கீழிருந்து மேலாகத் திருப்பி அடிக்க வேண்டும், காலையிலோ மாலையிலோ.

வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம், அதாவது 5 கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து 100 லிட்டர் ஆக்குவது, வெள்ளை ஈ வந்து உட்கார்ந்து முட்டையிடுவதைக் குறைக்கும். கொல்லும் வேகம் கிடையாது, வாரம் ஒருமுறை தொடர்ந்து அடிக்கிற பொறுமை இருந்தால் பலன் உண்டு. பூச்சி குவிந்த பிறகு வேம்பை எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மஞ்சள் ஒட்டும் அட்டையைப் பூச்சியைப் பிடித்து ஒழிக்கும் கருவியாக நினைக்காதீர்கள், எக்டருக்கு 12, அதாவது ஏக்கருக்கு ஐந்து, செடி உச்சி உயரத்தில் கட்டிவைத்து வாரம் இரண்டு முறை பார்த்தால் எப்போது அடிக்க வேண்டும், எப்போது வேண்டாம் என்று தெரியும். இலைப்பேனுக்கு நீல அட்டை.

மருந்தை மட்டும் நம்பி நெடுநாள் ஓட முடியாது என்பதற்கு ஸ்பெயினின் அல்மேரியா நல்ல உதாரணம். ஐரோப்பாவுக்கே குடைமிளகாய் அனுப்பும் ஊர் அது. 2006 கடைசியில் அவர்கள் காயில் அனுமதியில்லாத ஐசோஃபென்பாஸ் மெத்தில் என்ற பூச்சி மருந்தின் எச்சம் இருப்பது ஜெர்மனியில் தெரியவந்து சந்தையே ஆட்டம் கண்டது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே குடைமிளகாய்ப் பரப்பில் பெரும்பகுதி, இலைப்பேன் குஞ்சையும் வெள்ளை ஈ முட்டையையும் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் குடிலுக்குள் விடும் முறைக்கு மாறியது. வைரஸ் பூச்சிகளை அவற்றால் கட்டுக்குள் வைக்க முடிந்தது. அதே சிலந்தியைப் பக்கத்துக் கடையில் வாங்கிவிடும் நிலை நமக்கு இல்லை, ஆனால் வயலில் தானாக இருக்கும் பொறிவண்டையும் கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் கொல்லாமல் விடுவது நம் கையில்தான் இருக்கிறது.

காசே செலவில்லாத ஒரு வேலை நோய்ச்செடியைப் பிடுங்குவது. நட்ட 40, 45 நாள் வரை சுருண்ட செடியைப் பார்த்தவுடன் எடுக்க வேண்டும், பாவம் பார்க்கக் கூடாது. விடியற்காலை குளிரில் வெள்ளை ஈ மந்தமாக இருக்கும், அப்போது ஒரு சாக்கைச் செடிமேல் கவிழ்த்து, உள்ளே கையை விட்டுப் பிடுங்கி, சாக்கோடு வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு வெறுங்கையால் உலுக்கிப் பிடுங்கினால் அந்தச் செடியில் இருந்த ஈ எல்லாம் பக்கத்துச் செடிக்குத்தான் போகும். காய்ப்பு தொடங்கிய பிறகு பாதி வயல் சுருண்டிருந்தால் பிடுங்குவதில் அர்த்தம் இல்லை, அப்போது விட்டுவிடுங்கள்.

உங்கள் நிலத்துக்கு எது

ஒட்டன்சத்திரம் பக்கம் போல, சொட்டுநீரில் ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் பச்சை மிளகாய் போடுகிறவர் என்றால் வலை நாற்று, சுருட்டை தாங்கும் ஒட்டு, வெள்ளி நிலப்போர்வை, இந்த மூன்றில் காசைப் போடுங்கள். நடவுக்கு முன் ஒரு வேர் நனைப்பு, பிறகு அட்டையைப் பார்த்து மட்டும் தெளிப்பு. மூன்றுக்கும் பணம் போதாது என்றால் நிலப்போர்வையை விட்டுவிட்டு ஓரத்தில் சோளம் போடுங்கள், வலை நாற்றை மட்டும் விடாதீர்கள். கோடைப் பட்டத்தில் வெள்ளை ஈயும் இலைப்பேனும் உச்சத்தில் இருக்கும், பழைய மிளகாய் வயலுக்குப் பக்கத்தில் அந்தப் பட்டத்தில் நடுவதைவிட ஒரு பட்டம் தள்ளிப்போடுவதே சில நேரம் சிறந்த முடிவு.

ஓசூர், தளி பக்கம் பசுமைக்குடிலில் குடைமிளகாய் வளர்ப்பவருக்கு வெள்ளை ஈயைவிட இலைப்பேன்தான் தலைவலி. வலையும் இரட்டைக் கதவும் ஏற்கனவே இருக்கும், அதில் கிழிசல் பார்ப்பதுதான் வேலை. குடிலைச் சுற்றிப் பத்தடிக்குக் களை இல்லாமல் வைப்பது, நீல அட்டை, நோய்ச்செடியை உடனே எடுப்பது, பயிர் முடிந்ததும் குடிலைக் காலியாக மூடிப்போட்டு மண்ணில் இருக்கும் பேன் வெளியே வந்து பட்டினி கிடந்து சாகவிடுவது, இவை மருந்தைவிட அதிகம் காப்பாற்றும்.

ராமநாதபுரம் பக்கம் மானாவாரியாக முண்டு வத்தல் (உருண்டை மிளகாய்) போடுகிறவருக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே நாற்றங்காலே இல்லை, புரட்டாசி ஐப்பசியில் நேரடி விதைப்பு. சொட்டுநீர் இல்லாததால் ஷீட்டும் இல்லை. ஒட்டு ரகத்துக்கு மாறுங்கள் என்பதும் தவறான ஆலோசனை, முண்டுக்கு என்று தனி விலையும் 2023இல் கிடைத்த புவிசார் குறியீடும் இருக்கும்போது எதற்காக அதை விட வேண்டும்? அவர்களிடம் வேறு ஒரு வசதி இருக்கிறது. நேரடி விதைப்பில் செடி நெருக்கமாக முளைக்கும், எப்படியும் அதிகப்படிச் செடியைப் பிடுங்கிக் கலைத்துவிடத்தான் போகிறோம். ஒரே தடவையில் கலைக்காமல் முதல் களையோடு பாதியும், 35, 40 நாளில் மீதியும் என்று இரண்டாகப் பிரித்தால் அதற்குள் வைரஸ் ஏறிய செடி தன்னைக் காட்டிவிடும், அதைப் பிடுங்கிவிட்டு நல்லதை நிறுத்தலாம், செடி எண்ணிக்கை குறையாது, தனிக் கூலியும் இல்லை. வயலைச் சுற்றி நாலு வரிசை கம்பு, மழைக்கு முன் வரப்புத் துத்தியை வேரோடு எடுப்பது, பருத்திக்கு அடுத்த வயலாக இல்லாமல் பார்த்து விதைப்பது. விதைக்குப் பழம் எடுக்கும்போது களத்தில் குவிந்த வத்தலிலிருந்து அள்ளாமல், இரண்டாம் பறிப்புக்குள் சுருட்டை இல்லாமல் நன்றாகக் காய்த்த செடிகளுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்து, அவற்றின் பழத்தைத் தனியாகக் காயவைத்து எடுங்கள்.